எண்ணும் மேசை

மாலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.
போந்தி நகரில், நான் வாரம் நான்கு நாள்
உருளைக்கிழங்கு மசியல் பரிமாறும்
பள்ளிச் சாப்பாட்டறை அது.
வாக்குப் போட்டுவிட்டு நழுவப் பார்த்தவளைத் தலைவி மறித்தார்:
"மதாம், வாசிப்பீர்கள்தானே? ஓர் ஆள் குறைகிறது."

குடியுரிமை கிடைத்துப் பதினாலு மாதம்.
அந்த விழாவில் நாட்டுப்பண்ணை
வாயசைத்தே கடத்தினேன்.
யாரும் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் மேசை ஏழு வயதுக் குழந்தைகளுடையது;
முழங்கால் இடித்தது.
உறை பிரிக்க லூசியன், மெட்ரோ ஓட்டி ஓய்வு பெற்றவர்.
உரக்க வாசிக்க நான்.
கோடு போட மாணவி ஆயிசத்தா,
எதிரே இன்னொரு தாளில் அதே கோட்டைப் போட
மூன்றாம் பட்டியல்காரர் அனுப்பிய ஜெரோம்.

மூன்றாம் பட்டியலை எனக்குத் தெரியும்.
என் தபால் பெட்டிக்குள்ளும் போட்டிருந்தார்கள்:
வந்தவர்கள் வந்த வழியே போகவேண்டுமாம்.
வழவழப்பான தாள். நல்ல அச்சு.

முதலில் ஒரு தகராறு.
கையொப்பம் எண்ணூற்றுப் பன்னிரண்டு,
உறை எண்ணூற்றுப் பதின்மூன்று.
ஒன்றுதானே என்று நான் நினைத்தேன்.
அவர்கள் நினைக்கவில்லை.
அத்தனையையும் கவிழ்த்துக் கொட்டி
மறுபடி எண்ணினார்கள்.
யாரோ ஒரு நூறில் தவறி ஒன்றைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

குடவோலையைப் பள்ளியில் படித்திருக்கிறேன்.
மண்குடம், ஓலைத் துண்டுகள்,
சூது அறியாத ஒரு சிறுவனின் கை.
இங்கே குடம் கண்ணாடி.
சிறுவன் வேலைக்கு என்னைப் பிடித்திருக்கிறார்கள்,
எனக்கோ சூது தெரியும்.
பிறந்த மண்ணில்
பெட்டி போகும், முடிவு வானொலியில் வரும்.
எண்ணியது யாரென்று கேட்டவர்களை
அப்புறம் நாங்கள் எண்ணினோம்.

"மூன்றாம் பட்டியல்."
முதல் தடவை தொண்டை அடைத்தது.
ஆயிசத்தா நிமிராமல் கோடு போட்டாள்.
"மூன்றாம் பட்டியல்."
பத்தாவது தடவை அது
வெறும் எழுத்தாகிவிட்டது என்று சொன்னால் பொய்.
ஒவ்வொன்றும் ஓர் ஆள்.
காலையில் ரொட்டிக் கடை வரிசையில்
எனக்கு முன்னால் நின்ற யாரோ.
எங்கள் மொழியில் நினைப்பதற்கும் எண்ணுவதற்கும்
ஒரே சொல் போதும்;
அன்றிரவு அது போதவில்லை.

பிறகு அந்த உறை.
லூசியன் பிரித்தார்: இரண்டு தாள்கள்,
இரண்டும் மூன்றாம் பட்டியல்,
ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து.
"செல்லாது" என்றான் ஜெரோம்,
தோற்றுப் பழகிய குரலில்,
பேனாவை மூடிக்கொண்டே.
ஆயிசத்தா என்னைப் பார்த்தாள்.
லூசியன் கூரையைப் பார்த்தார்.

சும்மா இருந்திருக்கலாம்.
சும்மா இருப்பதற்கு ஒரு நொடி போதும்,
அந்த நொடி என் நாக்கின் கீழ் கிடந்தது,
உப்புக்கல் மாதிரி.

சுவரில் ஒட்டிய விதியை மாலையிலேயே வாசித்திருந்தேன்,
அகராதியோடு வாழ்பவளின் பழக்கம்.
"ஒரே பட்டியல் இரண்டு தாள் என்றால்
ஒரு வாக்கு. செல்லும்" என்றேன்.
தலைவி வந்தார், பார்த்தார், தலையாட்டினார்.
ஜெரோம் பேனாவைத் திறந்தான்.
நன்றி சொல்லவில்லை. நானும்
நன்றிக்காகச் சொல்லவில்லை.
என் கை மட்டும் மேசைக்கடியில் நடுங்கியது,
கோபத்திலா வேறெதிலா,
இன்றும் தெரியாது.

இந்த நாட்டின் படைவரிசையை
ஜூலையில் தொலைக்காட்சியில் காட்டுவார்கள்.
விமானங்கள் மூன்று நிறப் புகை விடும்.
என் மகன் கைதட்டுவான், நான் வெங்காயம் அரிவேன்.
பெருமை என்ற சொல்லை
இன்னும் இதற்குக் கொடுத்ததில்லை.
அன்று கொடுத்தேனா என்றால், இல்லை.
ஆனால் பையில் தேடிப் பார்த்தேன்,
சில்லறை இருக்கிறதா என்று பார்ப்பது போல.

கடைசியில் கையொப்பம்.
அந்தச் சின்னக் கட்டத்துக்குள்
ஞானலோஜினி தர்மகுலசிங்கம் அடங்கவில்லை;
பெயரின் வால் அடுத்த கட்டத்துக்குள் போய் நின்றது.
அது ஜெரோமின் கட்டம்.
அவன் கொஞ்சம் பார்த்தான்.
பிறகு தன் பெயரைச் சற்றுத் தள்ளி,
சிறிதாக எழுதினான்.

எல்லோரும் போனபின் மேசையைத் துடைத்தேன்.
நாளை பதினொன்றரைக்குப் பிள்ளைகள் வருவார்கள்.
மீன் நாள்.